டாங்கி சேத்துல எறங்குமா? கோடிங் கிளாஸ் பெற்றோருக்கு ஒரு பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். நல்ல மனிதர், பத்து வருடப் பழக்கம். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் என் மகளின் டாங்கி நின்றிருந்தது. பாதி பெயின்ட் அடித்து, ஒரு பக்கச் செயின் கழற்றிய நிலையில். நண்பர் அதைத் தூக்கிப் பார்த்தார். அவள் விரலில் ஒட்டியிருந்த பசையையும் பார்த்தார்.

"என்னங்க இது, ஜி.சி.எஸ்.இ. வருஷத்துல பொண்ணு கையில பசையும் பிளேடுமா? இந்த நேரத்துக்குப் பைத்தான் கத்துக்கிட்டா எங்கேயோ போயிடுவா. நம்ம பையனை ரோபாட்டிக்ஸ்ல போட்டிருக்கோம். வேணும்னா நம்பர் தரேன்."

வீட்டுக்கு வந்தவரிடம் சண்டை போடக் கூடாது என்று தங்கமணியின் கண் சொன்னது. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். அவர் கிளம்பிப் போனதிலிருந்து மனசுக்குள் ஓடிய பதில்தான் இது. நண்பர் தமிழ் படிப்பார். படிக்கட்டும் :-)

முதலில், இது என்ன சமாச்சாரம் என்று தெரியாதவர்களுக்காக.

மேசைமேல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து, அளவு நாடாவும் பகடையும் கொண்டு ஆடும் போர் விளையாட்டுகள் இங்கே இங்கிலாந்தில் ரொம்பப் பிரபலம். அதில் பெரிய பெயர் 1987இல் வந்த 'வார்ஹாமர் 40,000'. பல்லாயிரம் வருடம் கழித்து விண்வெளியில் நடக்கும் கற்பனைப் போர். சிப்பாய்கள் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரம். அவர்களுக்குத் துணையாக வீடு அளவுக்குப் பெரிய டாங்கிகளும் உண்டு. அவற்றைக் கம்பெனியே பெட்டியில் போட்டு விற்கிறது. விலை கேட்டால் தலை சுற்றும்.

பெட்டி வாங்காத கூட்டம் ஒன்றும் உண்டு. சாதாரண ராணுவ டாங்கி மாடல் ஒன்றை வாங்கி, அறுத்து, ஒட்டி, மேலே கண்டதையும் ஏற்றி, தங்கள் ராட்சத வண்டியைத் தாங்களே செய்துகொள்வார்கள். என் மகள் இந்தக் கூட்டம். அவள் வாங்கியது இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரஷ்ய டாங்கி, கேவி-2. தலைமேல் பீரோவைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். 1/35 அளவு மாடல். பழைய சாமான் சந்தையில், பெட்டி கிழிந்த நிலையில், மலிவாகக் கிடைத்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாடல் 1/35. விளையாட்டுச் சிப்பாயோ சுமார் 1/56. டாங்கி ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை, ஆனால் பக்கத்தில் நிற்கும் மனிதன் சுருங்கிவிட்டான். நிஜத்தில் ஏழு மீட்டர் நீளமுள்ள கேவி-2 அந்தச் சிப்பாய் பக்கத்தில் நின்றால் பதினோரு மீட்டர் வண்டியாகிவிடும். பெரிதாக்க வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று தோன்றும். அங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். டாங்கியின் மூடி, கைப்பிடி, ஏணி, ஆணித்தலை எல்லாம் பழைய ஆளுக்குச் செய்தவை. அப்படியே விட்டால் குழந்தை அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட கதைதான். அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் தகட்டில் சின்ன மூடி, சின்ன ஏணி, சின்னப் படிகள் வெட்டி ஒட்ட வேண்டும். ஏணியில் படி நெருக்கமானால் வண்டி உயரும். மூடி சிறுத்தால் வண்டி பெருக்கும். நம் கோபுரத்தில் நிலைக்கு நிலை உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போய் உயரத்தைக் கூட்டிக் காட்டுமே, ஏறக்குறைய அதே வித்தை.

துப்பாக்கிக் குழாய்க்குப் பால்பாயின்ட் பேனா ரீஃபில். கண்ணாடிக் கூண்டுக்கு மாத்திரை அட்டை. காற்றுச் சல்லடைக்கு உடைந்த டீ வடிகட்டி. செயினில் அப்பிய சேற்றுக்கு மூணாறு டீத்தூள், காய்ச்சி வடித்த சக்கை. தங்கமணியின் பெருங்காய டப்பா மூடி ஒன்று காணாமல் போனது. அது இப்போது ராடார்.

சரி, நண்பரின் குற்றச்சாட்டுகளுக்கு வருவோம். ஒவ்வொன்றாக.

1. இது வெட்டி வேலை, படிப்பு கெடும்

ஒரு கணக்கு சொல்கிறேன். என் மகள் போட்டது, நான் போட்டதில்லை. 56ஐ 35ஆல் வகுத்தால் 1.6. நீளம் 1.6 மடங்கு ஆனால் எடை எத்தனை மடங்கு? நீளம், அகலம், உயரம் மூன்றும் பெருகுவதால் 1.6ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும். சுமார் 4.1. கேவி-2 நிஜத்தில் 52 டன். இவள் செய்யும் வண்டி 213 டன். ஜெர்மனி கடைசிக் காலத்தில் செய்து பார்த்த 'மவுஸ்' என்ற ராட்சத டாங்கியே 188 டன்தான். ஆனால் தரையில் படும் செயினின் பரப்பு 1.6ஐ இரண்டு தடவைதான் பெருகும், 2.56 மடங்கு. எடை நாலு மடங்கு ஏறியது, பாதம் இரண்டரை மடங்குதான் விரிந்தது. ஆக, தரைமேல் அழுத்தம் 1.6 மடங்கு கூடுகிறது. வண்டி பெரிதாகப் பெரிதாக மண்ணில் புதையும். எறும்பை யானை அளவுக்கு வளர்த்தால் ஏன் நிற்காது என்று கலிலியோ காலத்திலிருந்து சொல்லிவரும் அதே விதி.

பள்ளிக்கூடத்தில் இதே பாடம் இரண்டு வாரம் நடந்தது. அப்போது அவளுக்கு ஏறவில்லை. டாங்கியில் ஏறியது.

நண்பர் சொல்லும் மாதிரியான ரோபாட்டிக்ஸ் வகுப்பு ஒன்றின் ஆண்டு விழாவுக்கு நானும் போயிருக்கிறேன். இருபது குழந்தைகள், இருபது ரோபாட். இருபதும் ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே மாதிரி இடப்பக்கம் திரும்பின. குழந்தைகளைக் குறை சொல்லவில்லை. பெட்டியில் என்ன படம் போட்டிருந்ததோ அதைப் பிசகாமல் செய்து முடித்திருந்தார்கள். நாமும் அப்படித்தான் வளர்ந்தோம். நோட்ஸில் உள்ளதைப் பிசகாமல் எழுதி, மார்க் வாங்கி, விசா வாங்கி, இங்கே வந்து அடுத்தவன் வரைந்த படத்தைப் பார்த்து ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். பதினெட்டு வருடமாக எனக்கும் அதுதான் தொழில். மறுக்கவில்லை. பிள்ளைக்கும் அதையே சீதனமாகக் கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

பெட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு "இது வேண்டாம், எனக்கு வேற வேணும்" என்று ரம்பத்தை எடுக்கிற பிள்ளை வேறு ஜாதி. அந்த ஒரு நிமிடத் துணிச்சலை எந்த வகுப்பிலும் ஃபீஸ் கட்டி வாங்க முடியாது.

2. காசு கரியாகும்

இந்தப் புகார் பாதி நியாயம். பெட்டி வாங்குகிறவர்களுக்குக் கரியாகத்தான் ஆகிறது. அதற்கு மாற்று மருந்தே இந்த அறுத்து ஒட்டும் வேலை.

கம்பெனி விசுவாசிகளும் ஒரு பக்கம் கோபித்துக்கொள்வார்கள். "ஒரிஜினல் இல்லாத டாங்கியை மேசையில் ஏற்றலாமா" என்பார்கள். என் மகளை ஒரு கடையில், உங்கள் வண்டி எங்கள் பெட்டியில் வந்ததில்லை, இங்கே ஆட முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் மேசை, அவர்கள் சட்டம். ஆனால் இந்த விளையாட்டின் பூர்வீகம் என்ன? இப்போது பெட்டியில் விற்கும் 'பேன்பிளேட்' என்ற ராட்சத டாங்கி, பிளாஸ்டிக் மாடலாக வந்தது 2007இல்தான். அதற்கு முன்னால் பெரிய வண்டி வேண்டுமென்றால் விலை கூடிய ரெசின் மாடல், இல்லாவிட்டால் சொந்தக் கைவேலை. 1980களின் இறுதியில் டியோடரண்ட் டப்பாவை வைத்து மிதக்கும் டாங்கி செய்வது எப்படி என்று அந்த விளையாட்டை வெளியிட்டவர்களே சொல்லிக் கொடுத்தார்கள். அக்குள் வாசனை டப்பாவில் பிறந்த விளையாட்டுக்கு இப்போது ஒரிஜினல் வேண்டுமாம்.

1977இல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்கலங்களை அருகில் பார்த்தால் உடம்பெல்லாம் ராணுவ டாங்கி மாடல்களின் துண்டு துக்கடாக்கள். ஜப்பானில் கோ யோகோயாமா என்பவர் 1982இல் 'ஹாபி ஜப்பான்' பத்திரிகையில் மாடல் மிச்சங்களை ஒட்டியே ஓர் உலகத்தை உண்டாக்கினார். அவ்வளவு ஏன், ரஷ்யாவின் கூபிங்கா அருங்காட்சியகத்தில் நிற்கும் மவுஸ் டாங்கியே ஒட்டு வேலைதான். செய்த இரண்டில் ஒன்றின் உடம்பையும் மற்றதன் தலையையும் சேர்த்து நிறுத்தினார்கள்.

நம் ஆவடி மட்டும் என்ன? 1965 முதல் அங்கே 'விஜயந்தா' டாங்கி செய்தார்கள். பிறகு அதே விஜயந்தாவின் சட்டத்தில் ரஷ்ய 130 மில்லிமீட்டர் பீரங்கியைத் தூக்கி வைத்து 'கேட்டபல்ட்' என்ற வண்டி வந்தது. அதே சட்டத்தில் பாலத்தை ஏற்றி 'கார்த்திக்' வந்தது. டாங்கியின் தலையைக் கழற்றிவிட்டு வேறொன்றை ஏற்றும் வேலையை இந்திய ராணுவம் செய்தால் பொறியியல், என் பெண் செய்தால் வெட்டி வேலையா?

3. பொம்பளப் பிள்ளைக்கு டாங்கி எதுக்கு

நண்பர் இதை நேராகச் சொல்லவில்லை. "அதுவும் பொண்ணு" என்று பாதியில் விழுங்கினார். விழுங்கியதற்கும் பதில் உண்டு.

பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். ஆண்பால் பிள்ளைத்தமிழில் கடைசிப் பருவம் சிறுதேர். பையன் பொம்மைத் தேர் உருட்டுவான். பெண்பாலுக்கு அம்மானை, கழங்கு, ஊசல் என்று போகும். தேர் அவளுக்குக் கிடையாது. குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் தச்சன் செய்த பொம்மைத் தேர் ஒன்று வருகிறது. அதில் ஏறிப் போக முடியாது. ஆனாலும் கையால் இழுத்தே குழந்தைகள் சந்தோஷப்படுவார்கள். இரண்டாயிரம் வருடமாக நமக்குப் பொம்மை வண்டி புதிதில்லை, அதில் ஏற முடியாவிட்டாலும் சந்தோஷம் உண்டு என்பதும் புதிதில்லை.

நான் சின்ன வயதில் பார்த்த முதல் ராட்சத வண்டி பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர். அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். முன்னால் வடம் பிடித்து ஜனம், பின்னால் முட்டித் தள்ள யானை. உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன மரப் பொம்மைகள். இன்றைக்கு யோசித்தால், அந்தப் பொம்மைகள் அவ்வளவு சின்னதாக இருந்ததால்தான் தேர் அவ்வளவு பெரிதாக இருந்தது. ஊருக்கு அழைத்துப்போனபோது என் மகளுக்கு அந்தத் தேரைக் காட்டினேன். அரை மணி நேரம் சக்கரத்தைத்தான் பார்த்தாள்.

4. போரை விளையாட்டாக்கலாமா

இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் கிடையாது. கேட்டவர் நண்பரும் இல்லை.

எங்கள் தெருவில் கிளிநொச்சிக்காரர் குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டு அம்மம்மா ஒருநாள் வந்தபோது டாங்கி மேசையில் இருந்தது. பேச்சை நிறுத்திவிட்டார். எனக்குச் சட்டென்று உறைத்தது. சாதாரண வண்டிக்கு இரும்புத் தகடு அடித்து ராட்சத வண்டியாக்குவது எங்களுக்கு விஞ்ஞானக் கதை, அவருக்கு இல்லை. 1991 ஜூலையில் ஆனையிறவுச் சண்டையில் புலிகள் புல்டோசருக்குக் கவசம் பூட்டி ஓட்டி வந்தார்கள். அந்த வண்டி இன்றும் ஏ9 சாலையோரம், அதைத் தடுத்து இறந்த சிங்களச் சிப்பாயின் நினைவிடத்தில், துருப்பிடித்து நிற்கிறது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் செத்த இடம்.

நான் துணியை எடுத்து மூடப் போனேன். அம்மம்மா தடுத்தார். கிட்டே போய்க் குனிந்து பார்த்து, "பிள்ளை, இதுக்குள்ள ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டார்.

மகள் மேல்மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு குட்டி மனிதன்.

"ஒரு வழிதானோ? நெருப்புப் பிடிச்சா இவன் எதால வெளியில வாறது? பக்கத்தால ஒரு கதவு வை."

அன்று ராத்திரியே பக்கவாட்டில் ஒரு கதவு வெட்டினாள். அம்மம்மா இதை ஒப்புக்கொண்டார் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் அவர் வரும் நாளில் மேசையை ஒதுக்கித்தான் வைக்கிறோம். ஆனால் திரையில் சுட்டுத் தள்ளும் எந்த விளையாட்டிலும் என் மகள் இந்தக் கேள்வியைச் சந்தித்ததில்லை. தன் கையால் செய்த வண்டிக்குள் ஆள் உட்காரும் இடத்தையும் அவன் தப்பிக்கும் வழியையும் யோசிக்க வேண்டியிருந்தது.

எச்.ஜி. வெல்ஸ் 1903இல் 'நிலத்தில் ஓடும் இரும்புக் கப்பல்' பற்றிக் கதை எழுதினார். நிஜ டாங்கி பிரான்சின் சோம் போர்க்களத்தில் இறங்கியது 1916 செப்டம்பரில். ஆக, ராட்சத விஞ்ஞானக் கதை வண்டி முதலில், டாங்கி பிறகுதான். அதே வெல்ஸ் 1913இல் பொம்மைச் சிப்பாய்ச் சண்டைக்கு விதிகள் எழுதி 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகம் போட்டார். பொம்மைச் சண்டை ஆடிப் பார்த்தவனுக்கு நிஜப் போர் எவ்வளவு மடத்தனம் என்று புரியும் என்பது அவர் கட்சி. அடுத்த வருடமே உலகப் போர் வந்தது. அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அவர் கட்சி முழுக்கச் சரி என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கேள்வியை மேசைமேல் வைத்தார்.

இப்போது நிஜக் காரணத்துக்கு வருகிறேன். நண்பரைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி.

என் அப்பா கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். பாலக்காட்டின் கிழக்கோரம், தமிழ் பேசும் கேரளம். டிராக்டர் டிரெய்லர் அடிப்பார், கலப்பை நிமிர்த்துவார். சேற்று உழவுக்குக் கேஜ் வீல் செய்வார். சித்தூர்க் கள்ளு கேன் ஏற்றும் பிக்கப் வண்டிகளுக்கு அடுக்குச் சட்டம் போடுவார். இடுக்கி நெடுங்கண்டத்தில் அத்தை வீடு. அந்த மாமாவுக்கு ஜீப் பட்டறை. மஹிந்திரா கம்பெனி 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பைக் கோர்க்கத் தொடங்கியபோது ஏலக்காய் மலையை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள். போடிமெட்டு ஏறி வரும் தோட்டக் கூலி ஜனத்தை ஏற்றப் பின்சட்டத்தை நீட்டியவர்களும், மருந்தடிக்கும் பம்பை மேலே பூட்டியவர்களும் மாமா மாதிரி ஆட்கள். அந்த எல்லை நெடுக, கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே கடைசிவரை ஓடிய வண்டியை நான் பார்த்ததில்லை. நிலம் கேட்டதை வண்டிக்குச் செய்தார்கள். (2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில், கம்பெனி வடிவத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ரோட்டுப் பாதுகாப்புக்கு அது நியாயமாக இருக்கலாம். 1/35 டாங்கிக்கு ஆர்.டி.ஓ. கிடையாது என்பது மகளின் அதிர்ஷ்டம்.)

அந்தப் பட்டறையில் என்னை ஒரு ஸ்பேனர் தொட விட்டதில்லை அப்பா. கிட்டே போனால் "போய்ப் படி" என்பார். "கையில கிரீஸ் படாம சம்பாதிக்கோணும்" என்பார். பட்டறைக்காரன் மகன் என்று பள்ளிக்கூடத்தில் நானும் சொல்லிக்கொண்டதில்லை. காலேஜ் படிவத்தில் அப்பா தொழில் என்ற இடத்தில் 'பிசினஸ்' என்று எழுதினேன். இதைத் தட்டச்சு செய்யும்போதும் காது சூடாகிறது.

நம்மில் எத்தனை பேர் இப்படி வந்தவர்கள்? தச்சு, தறி, தோட்டம், பட்டறை. கை அழுக்காகும் வேலை கீழ் வேலை என்று நமக்கு ஊட்டி வளர்த்தார்கள். ஊட்டியதில் அன்பும் இருந்தது, ஜாதியும் இருந்தது. அந்தப் பயத்தைப் பெட்டியில் கட்டிக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறோம். பிள்ளை கையில் பசை பார்த்தால் நம் அப்பன் கையில் கிரீஸ் பார்த்த கூச்சம் திரும்ப வருகிறது. அந்தக் கூச்சத்துக்கு நாம் வைத்த பெயர் 'எதிர்காலம்'. பைத்தான் என்பதெல்லாம் சாக்கு. என் வீட்டிலும் நடந்தது. போன வருடம் பரீட்சை சமயத்தில் அவள் பசை, ரம்பம் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றியவன் நான்தான். மார்க் ஒன்றும் ஏறவில்லை. அவள் பேசுவதுதான் குறைந்தது.

கோடை லீவில் ஊருக்குப் போனபோது தங்கமணி அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, டாங்கியைத் துணிகளுக்கு நடுவே சுற்றி எடுத்து வந்துவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. பட்டறையை வேலை பார்த்த பையனே எடுத்து நடத்துகிறார். மகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச்சு தடுக்கும். முதல் மூன்று நாள் அப்பாருவும் பேத்தியும் "சாப்டியா அம்மிணி", "சாப்டேன்" என்பதோடு சரி. நாலாம் நாள் திண்ணையில் டாங்கியை வைத்து ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வந்து உட்கார்ந்தார். கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த ஊரு வண்டி", "என்ன விலை" என்றெல்லாம் கேட்கவில்லை.

"இது சேத்துல எறங்குமா?"

இங்கிலாந்தில் எத்தனையோ பேர் அந்த டாங்கியைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. அவள் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கடகடவென்று அந்த 1.6 கணக்கைச் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். எடை நாலு பங்கு, பாதம் இரண்டரைப் பங்கு. அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப அகலம் பத்தாது, போட்டதும் பொதைஞ்சிரும்" என்றார். எழுந்து அவளைப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். மூலையில் பழைய கேஜ் வீல் ஒன்று கிடந்தது. டிராக்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டினால் பாரம் எப்படிப் பரவும் என்று மண்ணில் உள்ளங்கையை ஒரு தடவை குறுக்கியும் ஒரு தடவை விரித்தும் அழுத்திக் காட்டினார். எழுபத்தெட்டு வயசுக் கையையும் பதினைந்து வயசுக் கையையும் மண்ணில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துக்கொண்டு, எனக்கு வேலை இல்லாமல் நின்றேன். மொழிபெயர்க்கக்கூட ஒன்றும் இருக்கவில்லை.

அதனால்தான் இப்போது ஒரு பக்கச் செயின் கழற்றிக் கிடக்கிறது. ஒவ்வொரு பக்கமும் இரட்டைச் செயின் போடுகிறாள். 1945இல் அமெரிக்கர்கள் செய்த டி28 என்ற ராட்சத டாங்கியிலும் இப்படிப் பக்கத்துக்கு இரண்டு செயின் இருந்ததை அதற்குப் பிறகுதான் படித்துக் கண்டுபிடித்தோம். அப்பாவிடம் போனில் சொன்னேன். "பின்ன?" என்றார். அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கஞ்சிக்கோடு. அங்கே 2010இல் பெமல் ஆலை வந்தது. பொதுத்துறைக் கம்பெனி, ராணுவத்துக்குக் கனரக வண்டி வேலை. என்னைப் போல ஸ்பேனர் தொடாமல் வளர்ந்த எத்தனை பட்டறைக்காரர் பிள்ளைகள் அதற்குள் இன்ஜினியராக உட்கார்ந்து, தங்கள் அப்பன் கண்ணால் பார்த்தே சொல்லியிருக்கக்கூடியதைக் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருக்கிறார்களோ.

எல்லாப் பிள்ளையும் டாங்கி அறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிலதுக்குப் பைத்தான்தான் பிடிக்கும், சந்தோஷம். கையில் பசையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து "டைம் வேஸ்ட்" என்று சொல்லும் முன், அது உங்கள் வாயா, உங்கள் அப்பாவின் பயமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். வகுப்பு நம்பர் கொடுப்பதற்கு முன் "இது எதுக்கு, இது எப்படி நிக்குது" என்று ஒரு கேள்வி கேளுங்கள். என் அப்பாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, விஞ்ஞானக் கதையும் தெரியாது. கேட்கத் தெரிந்திருந்தது.

பி.கு.: நண்பரே, கோபம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாம் பெரியவர்கள் வீட்டு விலை பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் உங்கள் பையன் அந்த மேசையை விட்டு நகரவில்லை. கிளம்பும்போது என் மகளிடம், மிச்சமாகக் கிடந்த பீரங்கித் தலையை எடுத்துக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டான். கொடுத்தாள். அவன் பாக்கெட்டில் இருக்கும், திட்டாதீர்கள். அடுத்த மாதம் வரும்போது அவனுக்கு என்று ஒரு சின்ன ரம்பம் வாங்கி வைத்திருப்பேன்.

டிஸ்கி: பெருங்காய டப்பா மூடியைத் தங்கமணி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.